முகூர்த்த நாளுக்குக் கிளவுட் போதும், சித்தேரிக்கு?

சுபமுகூர்த்த நாள் நெருங்கினால் பத்திரப் பதிவுத் துறையிலிருந்து ஒரு செய்திக்குறிப்பு வந்துவிடும். ஒரு சார்பதிவாளர் உள்ள அலுவலகத்துக்கு 100 டோக்கனுக்குப் பதில் 150, இருவர் இருந்தால் 200-க்குப் பதில் 300. ஆடிப்பெருக்கென்றாலும் இதே கதைதான். மறுநாள் காலை கன்னியாகுமரி முதல் கும்மிடிப்பூண்டி வரை எல்லோரும் ஒரே நேரத்தில் 2018-இல் வந்த 'ஸ்டார் 2.0' மென்பொருளுக்குள் நுழைவார்கள். சர்வர் திணறினால், நல்ல நேரம் பார்த்து வந்தவர் ராகு காலத்தில் கைரேகை வைத்துவிட்டுப் போகவேண்டியதுதான்.

கிளவுட் எனப்படும் மேகக் கணிமைக்கு அரசு ஏன் போக வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் தேவையில்லை. சொந்தமாக சர்வர் வாங்கும் துறை, முகூர்த்த நாளின் கூட்டத்துக்கு ஏற்ப வாங்கினால் ஆண்டில் பெரும்பாலான நாள் எந்திரங்கள் சும்மா கிடக்கும். சாதாரண நாளுக்கு ஏற்ப வாங்கினால் முகூர்த்த நாளில் படுத்துவிடும். கிளவுடில் கூட்ட நாளுக்கு மட்டும் கூடுதல் திறனை வாடகைக்கு எடுத்து, மறுநாள் திருப்பிக் கொடுத்துவிடலாம். தருமபுரி மாவட்டத்துக்கு இந்தத் திடீர்ச் சுமை பழக்கமானதுதான். 2023 ஜூலை 24 அன்று தொப்பூரில்தான் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்பப் பதிவு முகாமை முதல்வர் தொடங்கிவைத்தார். ஆகஸ்ட் முடிவதற்குள் மாநிலம் முழுக்க வந்த விண்ணப்பங்கள் சுமார் 1 கோடியே 63 லட்சம். சில வாரங்கள் மலையாய் நின்று, பிறகு கரைந்துபோகும் இப்படியொரு சுமைக்காக யாரும் சொந்தமாக எந்திரம் வாங்கிக் குவிக்க முடியாது.

மத்திய அரசு இதை உணர்ந்து 'மேக்ராஜ்' என்ற பெயரில் தேசிய கிளவுடை 2014 பிப்ரவரியில் தொடங்கியது. ராணுவமும் பின்தங்கவில்லை. 2015 டிசம்பரில் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கர் 'ஆர்மி கிளவுட்' திட்டத்தைத் தொடங்கிவைத்தார். டெல்லியில் இரண்டு தரவு மையங்கள், பேரிடரில் கைகொடுக்க மூன்றாவதாக ஓர் இடம், அலகுகளுக்கெல்லாம் ராணுவத்தின் சொந்த வலைப்பின்னல் வழியாகவே இணைப்பு என்பது அதன் அமைப்பு. தமிழ்நாட்டிலும் சென்னை பெருங்குடியில் எல்காட்டின் மாநிலத் தரவு மையம் பத்தாண்டுகளுக்கு மேலாக இயங்குகிறது.

சர்வர் இருக்கும் அந்த முனையில் நிலைமை மேம்பட்டிருக்கிறது, மறுப்பதற்கில்லை. இந்த முனைக்கு வருவோம். தருமபுரி மாவட்டத்தின் சித்தேரி மலையிலோ வத்தல்மலையிலோ இருக்கும் ஒருவருக்கு 'சர்வர் இல்லை' என்று பதில் வந்தால், பெரும்பாலும் சர்வர் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். அறுந்திருப்பது நடுவில் உள்ள இணைப்பு. கிராமங்களுக்கு இணையம் கொண்டுசெல்லும் பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் கண்ணாடியிழைக் கேபிள் பெரும்பாலும் மின்கம்பங்களின் மீதுதான் ஓடுகிறது. ஒரு கோடை மழையில் மரக்கிளை முறிந்தால் மின்சாரமும் நெட்டும் சேர்ந்தே போகும். மாவட்டத்தில் 251 கிராம ஊராட்சிகள். அவற்றில் மலையடிவாரத்திலும் மலைமேலும் இருப்பவற்றுக்கு மாற்று வழி என்பது விட்டுவிட்டு வரும் செல்போன் சிக்னல்தான். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 68.54 சதவீதம், மாநிலத்திலேயே கடைசி. ஆகவே 'வீட்டிலிருந்தே விண்ணப்பியுங்கள்' என்பது இங்கே பலருக்குப் பொருந்தாத யோசனை. இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி, அங்கே உட்கார்ந்திருக்கும் ஆபரேட்டரைத்தான் நம்ப வேண்டும். மே, ஜூனில் வருமானச் சான்றுக்கும் முதல் பட்டதாரிச் சான்றுக்கும் வரும் மாணவரிடம் அவர் 'நெட் வரலைம்மா, நாளைக்கு வா' என்றால், மலையிறங்கிவந்த பஸ் கட்டணமும் அம்மாவின் ஒருநாள் கூலியும் சேர்ந்தே போயிற்று.

இதே மாவட்டத்தில் இதற்கு நேர்மாறான ஓர் ஏற்பாடு உண்டு. பென்னாகரம் பகுதியின் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு எந்திரங்கள் கழுதை முதுகில் ஏறுவதைத் தேர்தல் காலச் செய்திகளில் பார்த்திருப்போம். அந்தப் படத்தைப் பார்த்து நாம் சாலை வசதியைப் பற்றி வருத்தப்படுகிறோம், நியாயம்தான். கூடவே இன்னொன்றையும் கவனிக்கலாம்: மேலே போய்ச் சேர்ந்ததும் அந்த எந்திரம் வேலை செய்கிறது. எந்த வலைப்பின்னலோடும் இணையாமல் இயங்க வேண்டும் என்று முதலிலேயே முடிவெடுத்து வடிவமைத்தது அது. காரணம் பாதுகாப்புதான், மலைவாழ் மக்களின் வசதியல்ல. ஆனால் பலன் கோட்டூருக்கும் கிடைத்துவிட்டது.

ராணுவங்கள் கிளவுட் வாங்கும் விதத்தைப் பார்த்தால் இந்தக் கவலை ஒப்பந்தத்திலேயே இருக்கும். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2019-இல் 'ஜெடை' என்ற 1,000 கோடி டாலர் ஒப்பந்தத்தை மைக்ரோசாஃப்டுக்கு மட்டும் கொடுத்தது. அமேசான் வழக்குப் போட்டது, இழுபறி நீண்டது, 2021 ஜூலையில் ஒப்பந்தமே ரத்தானது. 2022 டிசம்பரில் வந்த மாற்று ஏற்பாட்டில் அமேசான், கூகுள், மைக்ரோசாஃப்ட், ஆரக்கிள் என நான்கு நிறுவனங்களுக்கும் இடம் தந்தார்கள். ஒரே கடையில் கணக்கு வைப்பதன் ஆபத்தை அவர்கள் அந்த இரண்டாண்டு இழுபறியில் படித்தார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். அதைவிட முக்கியமானது இன்னொரு நிபந்தனை. தலைமையகத்தில் கிடைக்கும் சேவை, தொடர்பு அறுந்தும் விட்டுவிட்டும் வரும் போர்முனை வரை கிடைக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். எதிரி கேபிளை வெட்டுவான் என்று கருதி ராணுவம் கணினி வாங்குகிறது. சித்தேரியில் கேபிளை வெட்ட எதிரி தேவையில்லை, காற்றே போதும். ஆனாலும் நம் வருவாய்த் துறை மென்பொருள் இணைப்பு எப்போதும் இருக்கும் என்ற நம்பிக்கையிலேயே ஓடுகிறது.

எல்லாவற்றையும் இணைப்பின்றிச் செய்ய முடியாது என்பது உண்மை. பத்திரப் பதிவை அப்படி விட்டால், ஒரே நிலத்தைக் காலையில் ஒருவருக்கும் மாலையில் இன்னொருவருக்கும் விற்றுவிடுவார்கள். ஆனால் சாதிச் சான்று விண்ணப்பத்துக்கு அந்த அவசரம் ஏது? படிவம், ஸ்கேன் செய்த ஆவணங்கள், நேர முத்திரை, அவ்வளவுதான். இ-சேவை மையத்தின் கணினியிலேயே அதைச் சேமித்து, ஒப்புகைச் சீட்டை அச்சிட்டுக் கொடுத்துவிட்டு, நெட் வந்ததும் தானாக அனுப்பிவிடலாம். அந்தச் சீட்டில் உள்ள தேதியே விண்ணப்பத் தேதி என்று ஓர் அரசாணை வேண்டும். தொழில்நுட்பம் எப்போதோ வந்துவிட்டது, அரசாணைதான் வரவில்லை.

சேமிப்பின் பாதுகாப்பைப் பற்றியும் நமக்கு இரண்டு மூடநம்பிக்கைகள் உண்டு. சொந்தக் கட்டடத்தில் இருந்தால் பத்திரம் என்பது ஒன்று. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்களை 2022 நவம்பரில் ரான்சம்வேர் முடக்கியபோது, நாட்டின் முதன்மை மருத்துவமனை ஏறக்குறைய இரண்டு வாரம் கைப்பட எழுதி நோயாளிகளைப் பார்த்தது. கிளவுடில் போட்டுவிட்டால் அழியாது என்பது மற்றொன்று. 2025 செப்டம்பர் 26 அன்று தென் கொரியாவின் தேஜான் நகரில் அரசுத் தரவு மையத்தில் லித்தியம் பேட்டரி தீப்பிடித்து, 600-க்கும் மேற்பட்ட அரசுச் சேவைகள் நின்றன. அரசு ஊழியர்கள் கோப்புகளைப் போட்டுவைத்த 'ஜி-டிரைவ்' என்ற கிளவுட் சேமிப்பில் 858 டெராபைட் அழிந்தது. அளவு பெரிது என்பதால் வெளியே நகல் எடுக்கவில்லை என்று அதிகாரிகள் விளக்கம் சொன்னார்கள்! உலகின் அதிவேக இணையம் உள்ள நாடுகளில் ஒன்று அது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது பெருங்குடி, பள்ளிக்கரணை சுற்றுவட்டாரம் தண்ணீரில் நின்றதை நினைத்தால், பென்னாகரத்துப் பட்டாவின் நகல் வேறு எங்கே இருக்கிறது, அதைக் கடைசியாக எப்போது மீட்டெடுத்துப் பார்த்தார்கள் என்று சட்டமன்றத்தில் யாராவது கேட்கலாம்.

தரவு இந்தியாவுக்குள் இருக்க வேண்டும் என்று மத்திய அரசு கிளவுட் நிறுவனங்களுக்கு விதி போட்டிருக்கிறது. தேவைதான், ஆனால் போதாது. 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியத் தடையைக் காரணம் காட்டி, குஜராத்தில் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜி நிறுவனத்துக்கு மைக்ரோசாஃப்ட் சேவையை நிறுத்தியது. காசு கட்டியிருந்தும் மின்னஞ்சல் திறக்கவில்லை. நயாரா டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகு சேவை திரும்பியது. தரவு எந்த நாட்டில் இருந்தாலும், சுவிட்ச் யார் கையில் என்பதே கேள்வியானது. மத்திய அரசு ஊழியர்களின் மின்னஞ்சல் நம் ஊர் ஜோஹோவுக்கு மாறியதில் பலருக்குப் பெருமை; எனக்கும் உண்டு. ஆனால் உள்ளூர் நிறுவனத்திடமிருந்தும் ஒருநாள் வெளியேற வேண்டிவரலாம். அப்போது தரவை எந்த வடிவில், எத்தனை நாளில், என்ன செலவில் திருப்பித் தருவார்கள் என்பதைக் கையெழுத்துப் போடும் முன் எழுதி வாங்க வேண்டும்.

கிளவுட் ஒப்பந்தங்களில் 'சேவை 99.5 சதவீத நேரம் இயங்க வேண்டும்' என்பதுபோல ஒரு வரி இருக்கும். கணக்குப் பார்த்தால் ஆண்டுக்கு 44 மணி நேரம்தான் நிற்கலாம், மிஞ்சினால் அபராதம். இதை அளப்பது தரவு மையத்தின் வாசலில். அரூர் தாலுகா அலுவலகத்தில் இரண்டு நாள் திரை சுழன்றுகொண்டே இருந்தாலும் ஒப்பந்தக் கணக்கில் அது இயங்கிய நேரம். கேபிள்காரரைக் கேட்டால் மின்வாரியத்தைக் காட்டுவார், மின்வாரியம் மழையைக் காட்டும். அடுத்த டெண்டரில் அந்த 99.5-ஐ அரூரிலும் பாப்பிரெட்டிப்பட்டியிலும் உள்ள கவுன்ட்டரில் அளக்கச் சொல்லி, தாலுகாவாரியாக மாதந்தோறும் வெளியிடட்டும். சென்னையில் கிளவுடுக்குக் கையெழுத்திடும் அதே அதிகாரி தாலுகா அலுவலகங்களுக்கான இரண்டாவது இணைப்புக்கும் பொறுப்பேற்கட்டும். இரண்டுக்கும் பணம் ஒரே கணக்குத் தலைப்பிலிருந்து போகட்டும்.