சார்க் தீர்க்காது

கச்சத்தீவுச் சிக்கலை சார்க் அமைப்பிடம் கொண்டுபோகச் சொல்கிறார் ஒரு கட்டுரையாளர். அது வீண் வேலை. 1985இல் ஏற்கப்பட்ட சார்க் சாசனத்தின் பத்தாவது பிரிவு, இருதரப்புத் தகராறுகளை அங்கே பேசவே இடம் தரவில்லை. 2014க்குப் பிறகு உச்சிமாநாடும் கூடவில்லை. ஆசியான் மட்டும் என்ன செய்தது? தென்சீனக் கடல் பூசலால் 2012இல் புனோம்பென்னில் அதன் கூட்டம் கூட்டறிக்கைகூட இல்லாமல் கலைந்தது. வங்கதேசமோ கடல் எல்லைத் தகராறில் இந்தியாவை நடுவர் மன்றத்துக்கு அழைத்து, 2014இல் 19,467 சதுர கிலோமீட்டர் கடலைப் பெற்றது.

எங்கள் ஊரான எழுமலையில் கடல் இல்லை. ஆனாலும் ராமேஸ்வரத்து மீனவர் சிறைப்படுவது எங்களுக்கும் வலிக்கிறது. இழுவைமடி அடிக்கடலை வாரும்போது யாழ்ப்பாணத்தார் விரித்த வலையும் அறுந்துபோகிறது. ஆகவே இரு கரை மீனவர்களையும் நேருக்கு நேர் உட்காரவைத்துப் பேசுங்கள். இழுவைமடியைக் கைவிடுவோருக்கு மாற்றுத் தொழில் கொடுங்கள்.