தீக்கிரையாகும் லயன்களும் திறவாத திறைசேரியும்

வீடு என்பது மனிதன் அச்சமின்றிக் கண்ணயர்வதற்குரிய இடமாகும். இவ்வெளிய இலக்கணத்தைக் கொண்டு அளப்போமாயின், ஊவா மாகாணத்துப் பெருந்தோட்டங்களில் எஞ்சி நிற்கும் லயன் அறைகளை வீடுகள் எனல் பொருந்தாது. கோப்பிக் காலத்தில் தோன்றித் தேயிலைக் காலத்தில் நிலைபெற்ற இவ்வமைப்பினுள், பசறையிலும் நமுனுகலையிலும் ஹல்துமுல்லையிலும் இன்றும் மக்கள் வாழ்கின்றனர். இவற்றின் இடநெருக்கடி பற்றியும் சுகாதாரக் கேடு பற்றியும் நிரம்பப் பேசியாயிற்று. போதியளவு பேசப்படாதது தீ அபாயம். ஒவ்வொரு லயனும் அரசின் செலவில் தீக்காப்புச் சோதனைக்கு உட்படுத்தப்பட்டு, அரசின் செலவிலேயே செப்பனிடப்படல் வேண்டும். புதிய வீடு வருகிறது என்னும் வாக்குறுதி அதற்குத் தடையாதல் கூடாது. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

லயனில் ஓர் அறையிற் பிடித்த தீ அவ்வறையோடு அடங்குவதில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவிலான காம்பராக்கள் பலவற்றை நீண்டதொரு கூரை மூடி நிற்கிறது. இடைச்சுவர்கள் கூரைவரை எழாத இடங்களில், கூரைக்குக் கீழுள்ள வெற்றிடம் தீக்கு ஒரு வீதியாகிவிடுகிறது. அடுப்பின் மேற்பரணில் உலர்ந்த விறகு, இடநெருக்கடி காரணமாகப் பலகையாலும் தகரத்தாலும் இணைக்கப்பட்ட மேலதிக அறைகள், ஒரே இணைப்பிலிருந்து பல குடும்பங்களுக்கு இழுக்கப்பட்ட பழைய மின்கம்பிகள் ஆகியனவும் சேர்ந்துகொள்கின்றன. ஒரு குடும்பத்தின் அடுப்பிலோ மின்கம்பியிலோ தோன்றிய தீ ஒரு மணித்தியாலத்துள் ஒரு வரிசையையே விழுங்குதல் வியப்பன்று. நகரிலிருந்து தீயணைப்பு வண்டி புறப்பட்டாலும், மடுல்சீமை போன்ற மலைத்தோட்டங்களை அது அடைவதற்குள் அணைப்பதற்கு எதுவும் எஞ்சியிராது. பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் பிள்ளைகளின் பாடப்புத்தகங்களும் சாம்பலான பின்னர், பாடசாலைக் கட்டடத்தில் தங்கவைத்து உலருணவு வழங்குவதோடு கடமை முடிந்ததென அனைவரும் கலைந்து செல்வர்.

இத்தகைய அவலத்தை அரசொன்று வேறுவிதமாக நோக்க முடியும் என்பதற்கு இலண்டன் மாநகரமே சான்று. 2017 யூன் 14 ஆம் நாள் அதிகாலையில் அங்கு கிரென்ஃபெல் என்னும் 24 மாடிக் குடியிருப்பு எரிந்து, 72 உயிர்கள் பலியாயின. கட்டடத்தின் வெளிப்புறத்தைப் போர்த்தியிருந்த, பொலிஎதிலீன் உள்ளீடு கொண்ட அலுமினியத் தகடுகளே தீயை மேலே கொண்டு சென்றன. அதன்பின் ஆபத்தான போர்வைகளைக் கண்டறிந்து அகற்றுவதற்கென அந்நாட்டு அரசு படிப்படியாக நிதி ஒதுக்கியது. 2021 இல் அத்தொகை 500 கோடிப் பவுணைக் கடந்தது. 2022 இற் கட்டடப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அங்கும் பணி தாமதித்தது. குடியிருப்போர் போராடியே நீதி கேட்க வேண்டியிருந்தது. ஆயினும், மக்கள் உறங்கும் கட்டடத்தைச் சோதிப்பதும் திருத்துவதும் பொதுநிதியின் கடமை என்னும் கோட்பாடு அங்கு நிலைநாட்டப்பட்டது. இங்கு லயன் முறையை உருவாக்கிச் சென்ற ஆங்கிலேயர் தம் நாட்டிற் கற்ற பாடத்தை, அம்முறையை மரபுரிமையாகப் பெற்ற நாம் கற்கலாகாதா?

இக்கோரிக்கைக்கு மூன்று மறுப்புகள் கூறப்படுவதுண்டு. தொழிலாளரின் கவனயீனமே தீக்குக் காரணம் என்பது முதலாவது. கிரென்ஃபெலில் தீ தோன்றியது ஒரு வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில். ஆயினும் அவ்வீட்டுக்காரர் மீது குற்றமில்லை என்றே விசாரணைக்குழு கூறிற்று. தீப்பொறி எங்கும் விழும். அதனைப் பேரழிவாக்குவது கட்டடமே. அடுப்புப் புகை போக வழியற்ற அறையைக் கொடுத்துவிட்டு, அடுப்பு மூட்டியவளைப் பழிப்பது நீதியன்று.

யார் செலவழிப்பது என்பது இரண்டாவது. இக்கேள்வியின் பின்னே நீண்ட வரலாறு உண்டு. 1972 ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975 ஆம் ஆண்டின் திருத்தமும் தோட்டங்களை அரசுடைமையாக்கின. 1992 முதல் முகாமை கம்பெனிகளின் கைக்கு மாறிற்று. நிலவுரிமை அரசிடமே நின்றது. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டமோ தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாயிருந்து, 2018 இலேயே திருத்தப்பட்டது. கம்பெனி அரசைக் காட்ட, அரசு கம்பெனியைக் காட்ட, சபை சட்டத்தைக் காட்ட, லயன் எரிந்துகொண்டிருந்தது. நிலத்தின் உடைமையாளர் அரசென்றால், அந்நிலத்தில் நிற்கும் கட்டடத்தின் அபாயத்துக்கும் அரசே முதற்பொறுப்பாளி. குத்தகைக் கம்பெனிகளிடமிருந்து உரிய பங்கை அறவிடுவது அதன் பின்னர் ஆகவேண்டிய கணக்கு.

மூன்றாவது மறுப்பு நம்மவர் வாயிலிருந்தே வருவது. ஆதலின் அதுவே அபாயகரமானது. லயனைத் திருத்துவது லயனை நிலைக்கச் செய்வதாகும், அதனை இடித்துத் தனிவீடு கட்டுவதே வேண்டும் என்பர். தனிவீடும் ஏழு பேர்ச் காணியும் உறுதிப்பத்திரமும் நமது உரிமைகள். அவற்றில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை. இந்திய உதவியுடன் நாலாயிரம் வீடுகள், பின்னர் 2017 இல் அறிவிக்கப்பட்ட மேலும் பத்தாயிரம் வீடுகள் என்பன வரவேற்கத்தக்கனவே. ஆனால், அடிக்கல் நாட்டுவிழாவுக்கும் குடிபுகுதலுக்கும் இடையிற் கழியும் ஆண்டுகளில் மக்கள் எங்கே உறங்குவர்? அதே கூரையின் கீழன்றோ! நாளை வரவிருக்கும் வீட்டைக் காட்டி இன்றைய கூரையைக் கைவிடுதல் கொள்கையன்று. கொள்கையின் பெயரால் நிகழும் புறக்கணிப்பு.

சோதனை மட்டும் போதுமா எனின், போதாது. அதற்கு நம் மாகாணமே சாட்சி. கொஸ்லந்தை மீரியபெத்தையின் அபாயம் பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் மலை சரிந்து லயன்களை மூடிற்று. மண்ணுள் மறைந்தோர் பலரின் சடலங்கள்கூட மீட்கப்படவில்லை. எச்சரிக்கை இருந்தது, மக்கள் பெயர்ந்து செல்ல நிலமும் நிதியும் இருக்கவில்லை. நிதியில்லாத சோதனை, மருந்தில்லா வைத்தியசாலையில் நோயின் பெயரை மட்டும் எழுதிக் கொடுப்பதை ஒக்கும்.

ஆகவே நாம் கோருவன தெளிவானவை. ஒவ்வொரு லயனுக்கும் சோதனை அறிக்கை தயாரிக்கப்பட்டு, அது தமிழில் அங்கு வாழ்வோரிடம் கையளிக்கப்படல் வேண்டும். காம்பராக்களுக்கிடையே கூரைவரை தடுப்புச்சுவர், தனித்தனியான பாதுகாப்பான மின்னிணைப்பு, புகைபோக்கி, வரிசைதோறும் நீர்த்தாங்கி ஆகியவற்றுக்குத் திறைசேரி தனி நிதி ஒதுக்கி, முடிவுத் திகதியும் குறித்தல் வேண்டும். இவை பேரறிஞர் கண்டுபிடிக்க வேண்டிய அற்புதங்களல்ல; சாதாரண கொத்தனாரும் மின்வினைஞரும் செய்யக்கூடிய வேலைகள்.

பல்கலைக்கழகத்தார்க்கும் இதிற் பங்குண்டு. பேராதனையின் பொறியியற் பீடமும், பதுளையிலேயே அமைந்த ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகமும் லயன்களை அளந்து, அபாயத்தை வரைபடமாக்கித் தரும் ஆற்றல் கொண்டவை. லயன் அறையின் குப்பி விளக்கில் படித்துப் பல்கலைக்கழக வாயிலை மிதித்தோர் நம்மிடையே உளர். அவர்களின் தம்பி தங்கையர் இன்றிரவும் அக்கூரைகளின் கீழேயே உறங்குவர். அடுத்த லயன் எரிந்தபின் அனுதாபத் தீர்மானம் நிறைவேற்றுவதிலும், எரியுமுன் ஓர் அளவுநாடாவோடு மலையேறுவது மேலானது.