ஆழமறிந்து காலை விடுக

பௌதிகம் படிப்பிக்கும் ஆசிரியர் ஒருவர் நீரின் அமுக்கத்தைப் பற்றிக் கடலிடமே பாடங் கேட்க நேர்வது வெட்கத்துக்குரிய காரியம். சென்ற ஆண்டு சோளகக் காலத்தில், நிலாவெளிக் கடற்கரையிலே, நமக்கு நேர்ந்தது அதுவே.

நம்மிடம் படித்த மாணவன் ஒருவன். கடற்றொழிற் குடும்பத்துப் பிள்ளை. இப்போது முறையாகச் சுழியோடக் கற்று, உல்லாசப் பயணிகளைக் கடலுக்கு அழைத்துச் சென்று பிழைக்கிறான். கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தூரத்திலுள்ள புறாத்தீவு 2003ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக்கப்பட்டது. அதனைச் சூழவுள்ள முருகைக் கற்பாறைகளை ஆண்டுதோறும் ஒரே இடத்தில் நின்று படம்பிடித்து வைக்கவேண்டும் என்பது அவனுடைய ஆசை. கடல்நீர் அளவுக்கு மிஞ்சிச் சூடேறினால் முருகைகள் வெளிறி மடிகின்றன. 1998ஆம் ஆண்டு ஹிக்கடுவைக் கடலில் நிகழ்ந்த அழிவு அத்தகையது. “என்ன இருந்தது என்பதற்குச் சாட்சி வேண்டாமா, சேர்?” என்று அவன் கேட்டபோது நம்மால் மறுமொழி சொல்ல முடியவில்லை.

இரண்டு பருவத்து உழைப்பை மிச்சம்பிடித்துச் சிறிய கமரா ஒன்றும், அதனை உள்ளே வைத்துக் கடலில் இறக்கும் காப்புப் பெட்டி ஒன்றும் வாங்கி வந்தான். பெட்டியை மூட நாமும் உதவினோம். ஈரக் கையைத் துவாயிலே துடைத்துவிட்டு, மூடியைப் பொருத்தி, “சரி தம்பி, போய் வா” என்று அனுப்பினோம். அரைமணி நேரத்தில் அவன் திரும்பி வந்தபோது பெட்டிக்குள்ளே இரண்டு விரல் உயரத்துக்குக் கடல் நின்றது. திறந்து பார்த்தால், றப்பர் வளையத்தின் மீது துவாயிலிருந்து பிரிந்த நூலிழை ஒன்று!

“உங்களிலே பிழையில்லை, சேர்” என்றான். பிழை நம்முடையது என்பது இருவருக்குந் தெரியும்.

இவ்வாண்டு அவன் மீண்டும் வந்தான். கையிலே முன்னையதிற் பாதிப் பணந்தான் இருந்தது. “எதை வாங்கலாம்?” என்று நம்மிடமே கேட்டான். அந்த நம்பிக்கைக்கு ஈடாக நாம் தேடித் தெரிந்துகொண்டவற்றை, கடலிலே ஆசையுள்ள பிற இளைஞருக்கும் பயன்படுமென்று இங்கே எழுதுகிறோம்.

முதலில் கேட்கவேண்டிய கேள்வி ‘எந்தக் கமரா?’ என்பதன்று; ‘எவ்வளவு ஆழம்?’ என்பதே. பத்து மீற்றர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டல அமுக்கம் கூடுகிறது. அதாவது, ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரின் மீதும் ஏறக்குறைய ஒரு கிலோகிராம் பாரம். பதினைந்து சென்ரிமீற்றர் நீளமும் பத்துச் சென்ரிமீற்றர் அகலமும் உள்ள பெட்டி மூடியொன்றைப் பத்து மீற்றரிலே மூன்று அரிசி மூடைகள் அழுத்துகின்றன. நாற்பது மீற்றரிலே பன்னிரண்டு மூடைகள்! கமராவோடு வரும் பிளாஸ்ரிக் பெட்டிகள் பெரும்பாலும் 40 அல்லது 45 மீற்றர் வரைக்கும் தாங்குவன. அலுமினியப் பெட்டிகள் நூறு மீற்றர் தாங்குவனவும் உண்டு. ஆனால் அவற்றின் விலை கமராவின் விலையையே தாண்டிவிடும். 1942 ஏப்ரில் 9ஆந் திகதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ‘ஹேர்மிஸ்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் ஐம்பது மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. அதனைப் படம்பிடிக்க விரும்புவோருக்குப் பிளாஸ்ரிக் பெட்டி உதவாது. புறாத்தீவின் முருகைகளுக்கு அலுமினியப் பெட்டி வேண்டியதில்லை.

இரண்டாவது, பெட்டி என்பது அளவெடுத்துத் தைத்த சட்டை. ஒரு கமராவின் பொத்தான் எங்கே இருக்கிறதோ அங்கேதான் அதன் பெட்டியின் பொத்தானும் இருக்கும். மலிவாகக் கிடைத்ததென்று கமராவை வாங்கிவிட்டுப் பிறகு பெட்டி தேடுவோர் பலர் வெறுங்கையுடன் திரும்புவர். ஆதலால் முதலில் சட்டை கிடைக்குமா என்று பார்த்துவிட்டு ஆளைத் தெரிவுசெய்வதே இந்த வியாபாரத்தில் புத்தி.

மூன்றாவதாக வருவது மிகவும் சிக்கலான தெரிவு. சிறிய கமராக்களுள் இரண்டு சாதிகள் உண்டு. ஒன்று, சோனி நிறுவனத்தின் ஆர்.எக்ஸ். 100 வரிசையைப் போன்றது. ஒளியை ஏற்கும் அதன் தகடு ஏறக்குறைய 13.2க்கு 8.8 மில்லிமீற்றர், மங்கிய ஒளியிலும் தெளிவான படந் தரும். ஆனால் அதன்மேல் ஒரு சிரங்கை உப்புநீர் பட்டாலே போதும், கதை முடிந்தது. நம்முடைய நூலிழை கொன்றது இந்தச் சாதியையே. மற்றது, ஒலிம்பஸ் டி.ஜி. 6 போன்றது. 2019இல் வந்த இக்கமராவைத் தொடர்ந்து, அதே வரிசையில் டி.ஜி. 7 என்பது 2023இல் ஓ.எம். சிஸ்டம் என்ற பெயரில் வெளிவந்தது. இவற்றின் ஒளித்தகடு முன்னையதில் ஏறக்குறைய காற்பங்குதான். ஆனால் பெட்டி இல்லாமலே 15 மீற்றர் ஆழத்தைத் தாங்கும். ஒரு சென்ரிமீற்றர் தூரத்திலுள்ள சிற்றுயிரையும் தெளிவாகப் படம்பிடிக்கும்.

“அப்படியானால் பெட்டி எதற்கு, சேர்?” என்று அவன் கேட்டது நியாயமே. மேற்பரப்பில் மிதந்துகொண்டு முருகையைப் பார்ப்பவருக்குப் பெட்டி அவசியமில்லை. அவனோ பயணிகளுடன் இருபது மீற்றருக்கும் கீழே இறங்குபவன். மேலும், பெட்டிக்குள்ளே நீர் புகுந்தாலும் உள்ளே இருப்பது நீரைத் தாங்கும் கமராவாயின், சற்று மேலே வந்து அதைக் காப்பாற்றிக்கொள்ளலாம். ஒரே கதவை நம்பியவர்களுக்கு நேர்ந்த கதியை நாம் கண்டோம். இது இரண்டு கதவுள்ள வீடு. படத்தின் தெளிவிலே சிறிது விட்டுக்கொடுத்து, மீண்டும் ஒருமுறை முதலிழக்காதிருப்பதே பாதிப் பணத்துக்கு ஏற்ற வழி என்று தீர்மானித்தோம். ஒருவர் பாவித்த டி.ஜி. 6ஐயும் அதற்குரிய 45 மீற்றர்ப் பெட்டியையும் அவன் வாங்கினான். றப்பர் வளையம் மட்டும் புதிது. அதிலே சிக்கனம் கூடாது.

இனி ஒளியைப் பற்றி ஒரு வார்த்தை. நீர் முதலில் விழுங்குவது சிவப்பு நிறத்தை. ஐந்து மீற்றர் தாண்டும்போதே அது மங்கிவிடும். ஆழத்திலே வடியும் குருதியும் பச்சையாகத் தோன்றும். மேலும், தட்டையான கண்ணாடியூடாகப் பார்க்கையில் ஒளிமுறிவினாலே பொருள்கள் காற்பங்கு கிட்டவாகத் தெரியும். இவ்விரண்டுக்கும் மருந்து ஒன்றே: கிட்டப் போதல். ஒரு மீற்றருக்குள் சென்று எடுத்த படத்திலே நிறமும் உண்டு, தெளிவும் உண்டு. கமராவின் சொந்த மின்னொளியை நம்புதல் வீண். அது வில்லைக்கு அருகிலிருந்து பாய்வதால், நீரிலே மிதக்கும் தூசியெல்லாம் மழைத்துளிபோற் படத்தில் விழும். பக்கத்திலே கைபோல் நீண்டு நிற்கும் தனிவிளக்கு நல்லது. பணம் போதாதவர், நீருக்குரிய வெள்ளைச் சமநிலையைத் தெரிந்து, பகல் வெயிலில் ஆழங்குறைந்த இடத்தில் எடுத்தாற் போதும்.

பெட்டியை மூடும் முறையைச் சொல்லாமல் இக்கட்டுரையை முடிக்க நமக்கு உரிமையில்லை. கடற்கரை மணலில் அல்ல, முதல்நாள் இரவு வீட்டு விளக்கின் கீழே மூடுக. வளையத்தையும் அது அமரும் பள்ளத்தையும் விரலாலே தடவி, மயிரோ மணலோ நூலோ இல்லையென்று காண்க. அந்த வளையத்துக்கென விதித்த பசையை மினுங்குமளவுக்கு மட்டும் பூசுக. அதிகமானால் அதுவே தூசியை அழைக்கும். முதன்முறை கமராவை வைக்காமல், சிறு பாரமொன்றை உள்ளேயிட்டு வாளி நீரிலே அமிழ்த்திப் பார்க்க. ஆழத்திலே நீரே மூடியை இறுக்குகிறது. கசிவு பெரும்பாலும் மேல்நீரிலேயே தொடங்கும். ஆதலால் வாளிச் சோதனையை ஏளனஞ் செய்யற்க. கடலால் வந்தபின் பெட்டியைத் திறக்கமுன் நன்னீரிலே ஊறவிடுக. உப்பு உலர்ந்து பொத்தான்களில் இறுகினால் அடுத்த முறை அங்கேயே கசியும்.

திருகோணமலைக் கடலுக்குச் சாட்சி சொன்ன பெருமை முன்னரும் உண்டு. 1956இல் மைக் வில்சன் என்பவர் சுவாமி மலையின் அடியிலே சுழியோடி, பழைய கோணேசர் ஆலயத்தினவாகக் கருதப்படும் கற்றூண்களைக் கண்டார். ஆதர் சி. கிளார்க் அக்கடல் அனுபவங்களை 1957இல் நூலாகவே எழுதினார். கண்டவர்கள் பதிந்து வைத்தமையால் நாம் அறிகிறோம்.

நமது மாணவனும் இவ்வாண்டு தன் முதற் படத்தை எடுத்துவிட்டான். அன்று பெட்டியை அவனே மூடினான். நாம் துவாயுடன் அருகில் வருவதைக் கண்டு, மரியாதையாகச் சற்றுத் தள்ளி இருந்துகொண்டான். படம் நன்றாக வந்திருக்கிறது. இடப்பக்கத்து முருகைக் கிளை நுனியிலே சிறிது வெளிறினாற்போல் நமக்குத் தோன்றுகிறது. அது நோயோ, நமது கண்ணின் மயக்கமோ என்பதை அடுத்த ஆண்டு அதே இடத்தில் எடுக்கும் படமே சொல்லவேண்டும்.