தறியில் நின்றால் உடற்பயிற்சி ஆகிவிடுமா?

பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் பகுதிகளில் விசைத்தறிதான் பலருக்கு பிழைப்பு. “நாள் முழுக்க தறியில நிக்கிறோமே, அது போதாதா?” என்று தோன்றலாம். போதாது. ஒரே இடத்தில் நின்றால் கால்தான் வலிக்கும். வேகமாக நடந்தால்தான் இதயத்துக்கு வேலை.

வாரத்துக்கு 150 நிமிடம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தினமும் அரை மணி நேரம், 5 நாள் நடந்தால் கணக்கு சரி. உப்பு தினமும் 5 கிராமுக்குள் இருக்கணும்.

பாகற்காய், வெந்தயம் நல்லதுதான். அதை நம்பி சர்க்கரை மாத்திரையை நிறுத்தினால் கண், சிறுநீரகம் பாதிக்கும் அபாயம் உண்டு.

கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க முடியாமல் மாத்திரையை விடுபவர்களும் உண்டு. வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோகும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டு 5-ந்தேதி தொடங்கப்பட்டது குறிப்பிடத்தக்கது. கஷாயம் குடிங்க, மாத்திரையை விடாதீங்க!