எடை குறைந்தால் போதுமா?

திருப்பதியில் அலிபிரி அடிவாரத்திலிருந்து திருமலைக்குச் செல்லும் நடைவழியில் 3,550 படிகள் உள்ளன. சீனிவாச மங்காபுரத்தை அடுத்துத் தொடங்கும் ஸ்ரீவாரி மெட்டு வழியில் உள்ளவை 2,388. நேர்த்திக்கடன் காரணமாகவே பலரும் இப்படிகளை ஏறுகின்றனர். உடல் இளைக்க வேண்டுமென்று ஏறுவோரும் இல்லாமலில்லை. சில மாதங்கள் உணவைக் குறைத்து, வாரந்தோறும் மலையேறிப் பத்துக் கிலோ இறக்கிவிட்ட ஒருவரை ஊரார் பாராட்டுவது இயல்பே. ஆனால் குறைந்தது எது என்று கேட்பார் அரியர்.

ஒரு சிறு கணக்கு இங்கு உதவும். 60 கிலோ எடையுள்ளவர் அலிபிரி வழியே சுமார் 650 மீட்டர் உயரம் ஏறுகிறார் என்று கொள்வோம். தசை செலவிடும் சக்தியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே வேலையாக மாறும். அதையும் சேர்த்துக் கணக்கிட்டால், உடலை மேலே தூக்குவதற்கு மட்டும் செலவாவது 360 கிலோகலோரி அளவே. சித்தூர்ச் சீமையில் விளையும் வேர்க்கடலையில் 60 கிராமுக்குச் சற்றுக் கூடுதலாக உண்டால் அது ஈடாகிவிடும். ஆகவே எடை இறங்கியதற்குப் பெருங்காரணம் படிகள் அல்ல, குறைந்த உணவே. உணவு குறையும்போது உடல் கொழுப்பை மட்டும் கரைப்பதில்லை, தசையையும் செலவிடுகிறது. உணவுக் குறைப்பை மட்டும் நம்பி இளைப்போர் இழக்கும் எடையில் ஏறத்தாழக் கால் பங்கு கொழுப்பல்லாத பகுதி என்பது பொதுவாகக் காணப்படும் அளவாகும். இழந்த எடை பின்னர் திரும்பி வருங்கால் பெரும்பாலும் கொழுப்பாகவே வருகிறது. அப்போது தராசு பழைய எண்ணையே காட்டும். உடலோ பழைய உடலாக இராது.

நம் நாட்டாருக்கு இது சிறு நட்டமன்று. தோற்றத்தில் மெலிந்தும் உள்ளே கொழுப்பு மிகுந்தும் இருக்கும் உடலமைப்பு இந்தியரிடையே பரவலாக உள்ளதெனப் பூனா நகரின் ஆய்வுகள் முன்னரே காட்டின. உணவுக்குப் பின் இரத்தத்திற் சேரும் சர்க்கரையின் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்வது தசையே. தசை குறையக் குறைய நீரிழிவுக்கு இடம் உண்டாகிறது.

எனவே எடை இறங்கியவுடன் தொடங்க வேண்டியது வலிமைப் பயிற்சி. இறங்கும்போதே தொடங்கினால் இன்னும் நன்று. படியேற்றம் கால்களுக்கு நல்ல பயிற்சிதான். வழியின் பிற்பகுதியிலுள்ள முழங்கால் முறிச்சான் என்னும் செங்குத்தான இடத்தின் பெயரே அதற்குச் சான்று. எனினும் தோள், முதுகு, கை ஆகியவற்றுக்கு அதனால் கிடைப்பது மிகக் குறைவு. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட நெறிமுறைகள், நடை முதலியவற்றோடு வாரத்தில் இரு நாட்களேனும் முக்கியத் தசைகள் அனைத்துக்கும் பயிற்சி தரவேண்டும் என்கின்றன.

இதற்கு இயந்திரங்கள் நிறைந்த கூடம் தேவையில்லை. தமிழில் தண்டால், பஸ்கி என்பவை தெலுங்கில் தண்டீலு, பஸ்கீலு. இரு மொழியும் வழங்கும் சித்தூரில் இவற்றை விளக்க வேண்டிய அவசியமே இல்லை. தரையில் தண்டால் எடுக்க இயலாதவர் சுவரில் கையூன்றித் தொடங்கலாம். நாற்காலியில் அமர்ந்து எழுதல், மணல் நிரப்பிய பையைத் தரையிலிருந்து தூக்குதல், இரு கைகளிலும் நீர்க்குடம் ஏந்தி நடத்தல் ஆகியன போதும். எட்டு முதல் பன்னிரண்டு முறை செய்ய முடிகிற சுமையே தக்க சுமை. பன்னிரண்டு எளிதாகிவிட்டால் சுமையைச் சிறிது கூட்டவேண்டும். கூட்டாமல் ஆண்டுக்கணக்கில் ஒரே சுமையைத் தூக்குவது பயிற்சியன்று, பழக்கம். மூச்சை அடக்கிக்கொண்டு தூக்கலாகாது. இருதய நோய், இரத்த அழுத்தம், குடலிறக்கம் உடையோர் மருத்துவரைக் கேட்டே தொடங்கவேண்டும்.

முதல் சில வாரங்களில் கூடும் வலிமை பெரும்பாலும் நரம்புகள் கற்றுக்கொள்வதால் வருவது. தசை பருப்பது பின்னரே. இக்காலத்தில் இடுப்புச் சுற்றளவு குறைந்தும் எடை அசையாமல் நிற்கக்கூடும். பலர் மனந்தளர்ந்து கைவிடுவது இவ்விடத்தில்தான். மிகுதியாக இளைத்தவருக்குத் தொங்கும் தோலைப் பயிற்சி முழுதும் சுருக்கிவிடும் என்று சொல்வதும் முறையன்று. தோல் வேறு, தசை வேறு.

பெண்கள் சுமை தூக்கினால் ஆண்களைப்போல் உடல் முறுக்கேறிவிடும் என்ற அச்சம் இன்னும் போகவில்லை. ஆந்திரத்தின் கர்ணம் மல்லேசுவரி 2000-இல் சிட்னி ஒலிம்பிக்கில் 69 கிலோ பிரிவில் மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வென்றார். அது பல்லாண்டுக் கடும் உழைப்பின் பயன். வாரம் இருமுறை குடம் தூக்குவோருக்குத் தற்செயலாக வந்துவிடாது. முதுமையும் தடையன்று. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சராசரி 90 வயதுடைய பத்துப் பேரில் எட்டு வாரப் பயிற்சியை முடித்த ஒன்பது பேர் கால் வலிமையைச் சராசரியாக 174 விழுக்காடு கூட்டினர் என்ற ஆய்வு 1990-இல் வெளியாயிற்று.

உணவிலும் கவனம் வேண்டும். நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்பது நம் நாட்டில் வகுத்த அளவு. 60 கிலோ உடையவருக்கு அது 50 கிராம். இளைத்தபின் தசை வளர்க்க முயல்வோருக்குச் சற்றுக் கூடுதலாக வேண்டும். ராகிக் களி மட்டும் இதற்குப் போதாது. கொள்ளு, பச்சைப்பயறு, கடலை, பால், முட்டை ஆகியவை உடன் சேரவேண்டும்.

களப்பணியாளர் கையில் இன்று இருப்பது எடைக்கருவி. பதிவேட்டில் இருப்பது எடைக்கான கட்டம். அதனருகே இன்னொரு கட்டம் வரைவதற்குச் செலவில்லை. கைகளை மார்பின் குறுக்கே மடக்கிக்கொண்டு, சுமார் 43 சென்டிமீட்டர் உயர நாற்காலியிலிருந்து 30 வினாடியில் எத்தனை முறை முழுதும் எழ முடிகிறது என்று எண்ணி அதில் எழுதலாம். அமெரிக்க அளவுகோலின்படி 60 முதல் 64 வயதுள்ள பெண் 12 முறைக்கும், ஆண் 14 முறைக்கும் குறைவாக எழுந்தால் அது சராசரிக்குக் கீழ். பள்ளியிலும் இதைச் செய்யலாம். தேர்வு நெருங்கும்போது உடற்பயிற்சி வகுப்பைக் கணக்குப் பாடத்திற்கு விட்டுக்கொடுத்துவிடும் ஆசிரியர்கள், மாணவரை எண்ணச் சொல்லி முதலில் தாமே எழுந்து அமர்ந்து காட்டலாம்.