குறட்டை குழந்தையின் குணமல்ல!

"நல்லா குறட்டை விட்டுத் தூங்கறான் டாக்டர். ஆனா பகல் பூரா எரிச்சல், பிடிவாதம், சோர்வு. மூளைக்கு ஏதாவது லேகியம் கொடுங்க."

மனவளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளின் பெற்றோர் அடிக்கடி கேட்பது இது. 'அவன் சுபாவமே அப்படித்தான்' என்று எல்லாவற்றையும் குறைபாட்டின் தலையில் கட்டிவிடுகிறோமே, அது நியாயமா?

குறட்டை நல்ல தூக்கத்தின் அடையாளமல்ல. மூச்சுப்பாதை குறுகியிருப்பதன் அறிகுறி. குறட்டை திடீரென நின்று, சில விநாடிகள் மூச்சே இல்லாமல், பிறகு திணறலோடு திரும்பினால் அதுதான் 'ஸ்லீப் அப்னியா'. ராத்திரி முழுக்கத் தூக்கம் உடைந்தால் பகலில் பிடிவாதம் வராமல் என்ன செய்யும்?

டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளுக்கு இந்தத் தொல்லை மிக அதிகம். முகத்தின் நடுப்பகுதி சிறியது, வாயின் அளவுக்கு நாக்கு பெரியது, தசைகளும் தளர்ச்சி. கூடவே டான்சில், அடினாய்டு வீக்கம். இவை பலருக்குத் தெரியும். கண்ணில் படாமல் தப்புகிற காரணங்களும் உண்டு.

ஒன்று, தைராய்டு குறைவு. நாக்கும் தொண்டைத் திசுவும் தடித்து மூச்சை அடைக்கும். அந்த மந்தத்தையும் 'சுபாவம்' என்றே நினைத்துவிடுவோம்.

இரண்டு, டான்சில் ஆபரேஷன் முடிந்த பிறகும் நாக்கின் அடிப்பகுதியிலுள்ள டான்சில் திசு பெருத்து அடைப்பது. 'அதான் ஆபரேஷன் ஆயிடுச்சே' என்று இருந்துவிடாதீர்கள்.

மூன்று, மருந்துகள். வலிப்புக்கும் ஆவேசத்துக்கும் தருகிற சில மாத்திரைகள் தொண்டைத் தசையைத் தளர்த்தும். சில, எடையைக் கூட்டும். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், ஆபத்து! எழுதிக் கொடுத்த டாக்டரிடமே கேளுங்கள்.

நான் சித்த வைத்தியன். ஆனாலும் சொல்கிறேன்: அடைப்புக்கு லேகியம் மருந்தல்ல. தூக்கத்துக்கென்று அமுக்கரா சூரணத்தை இஷ்டத்துக்குக் கொடுப்பதும் வேண்டாம். அது தைராய்டு அளவை மாற்றக்கூடும். முதலில் காரணம் தெரியட்டும். டவுன் சிண்ட்ரோம் குழந்தைகள் எல்லோருக்கும் 4 வயதுக்குள் தூக்கப் பரிசோதனை செய்ய வேண்டுமென்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2011-லேயே சொல்லிவிட்டது. குறட்டை இல்லாத குழந்தைக்கும்தான்!

இன்று ராத்திரி கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். வாயைத் திறந்து தூங்குகிறதா? சம்மணமிட்டு முன்னால் குனிந்தபடியே தூங்குகிறதா? கழுத்தைப் பின்னால் வளைக்கிறதா? வியர்த்துக் கொட்டுகிறதா? செல்போனில் படம் பிடித்து, காது மூக்கு தொண்டை நிபுணரிடம் காட்டுங்கள். தைராய்டு பரிசோதனையும் கேளுங்கள்.

தனக்கு மூச்சு முட்டுகிறது என்று அந்தக் குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. பார்த்துச் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.