டாக்டர் பட்டம் வாங்கியும் கான்ட்ராக்ட் வேலையா?

பெற்றோர்களே! முனைவர் பட்டம் வாங்கிய மகளிடம் இப்படிக் கேட்டு அவளை நோகடிக்காதீர்கள். விரிவுரையாளர் ஆவதற்கு முன் ஓரிரு ஆண்டுகள் செய்யும் 'போஸ்ட் டாக்டரல்' ஆய்வு வேலை, எந்த நாட்டிலும் தவணை வேலைதான். சம்பளம் பெரும்பாலும் ஒரு பேராசிரியரின் ஆய்வு மானியத்திலிருந்து வருகிறது. மானியம் தீர்ந்தால் வேலையும் தீர்ந்தது.

இதனால் ஆள் தேவை என்ற செய்தி பல நேரம் பேராசிரியருக்குத் தெரிந்தவர்களுக்கே முதலில் எட்டுகிறது. பால்மரம் சீவியவரின் பிள்ளைக்கு அந்த வட்டாரத்தில் யார் இருக்கிறார்கள்? மலாயாப் பல்கலைக்கழகம், யு.எஸ்.எம்., யு.பி.எம். எல்லாம் அரசுப் பல்கலைக்கழகங்கள். இத்தகைய இடம் ஒவ்வொன்றையும் பகிரங்கமாக விளம்பரம் செய்யுங்கள் என்று கேட்க, வரி கட்டும் நமக்கு உரிமை உண்டு. கேட்போம்.

அதுவரை அவள் சும்மா இருக்க வேண்டாம். பட்டம் கைக்கு வருமுன்பே, தன் துறைப் பேராசிரியர்களின் ஆய்வுகளைப் படித்துவிட்டு நேரடியாக எழுதட்டும். வெளிநாடும் எட்டாததல்ல. ஜெர்மனியின் ஹம்போல்ட் உதவித்தொகைக்கு எந்த நாட்டவரும் மனுச் செய்யலாம். ஆனால் பட்டம் பெற்ற 4 ஆண்டுகளுக்குள். அங்கே ஏற்றுக்கொள்ளும் பேராசிரியரின் சம்மதம் முதலில் வேண்டும். கல்யாணப் பேச்சைத் தொடங்குமுன் இந்தக் கணக்கையும் கொஞ்சம் பாருங்கள்.